பினாங்குக் கரையில் பூனையும் புலியும்

தமிழகத்திலிருந்து முதன்முறையாகப் பினாங்குக்கு வரும் உறவினர் ஒருவரைச் சூலியாத் தெருவிலோ குயின் தெருவிலோ அழைத்துச் சென்று பாருங்கள். மளிகைக் கடையின் முகப்பில், அரிசிச் சாக்கின்மீது சுருண்டு கிடக்கும் பூனையைக் கண்டதும் அவர், "இந்தப் பூனையின் வாலை முறித்தவர் யார்?" என்று கேட்பார். அடுத்த கடையிலும் அத்தகைய பூனையே இருக்கும். ஒன்றுக்கு வால் பாதி. மற்றொன்றுக்கு நுனியில் முடிச்சு. இன்னொன்றுக்கு வால் கொக்கிபோல் வளைந்திருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கோ இவை வியப்பளிப்பதில்லை. நாள்தோறும் காண்பதை நாம் நோக்குவதில்லை அன்றோ!

வாலை எவரும் முறிக்கவில்லை. அது பிறவியிலேயே அமைந்தது. அந்த வாலைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் சென்றால், கப்பல், களஞ்சியம், காடு, தோட்டம் ஆகிய நான்கின் வரலாறும் நம் கைக்கு அகப்படும். அவ்வழியே இக்கட்டுரையில் சிறிது தூரம் செல்வோம்.

வாலின் வரலாறு

இவ்வட்டாரத்துப் பூனைகளின் வாலைப்பற்றி ஐரோப்பியர் நெடுங்காலத்துக்கு முன்பே எழுதியிருக்கின்றனர். சுமத்ராவின் வரலாற்றை 1783இல் வெளியிட்ட வில்லியம் மார்ஸ்டன், அத்தீவுப் பூனைகளின் வால் குறைபட்டு நுனியில் முண்டாக இருப்பதைக் குறித்தார். சார்லஸ் டார்வின், வளர்ப்பு விலங்குகளும் பயிர்களும் மாறுபடுவதைப்பற்றி 1868இல் வெளியிட்ட பெருநூலில், மலாய்த் தீவுகளிலும் சயாமிலும் பர்மாவிலும் பூனைகளின் வால் பாதியளவாகக் குறுகி முடிச்சிட்டிருப்பதை எடுத்துக்காட்டினார்.

சயாம் நாட்டவர் இதற்கு ஒரு கதை சொல்வர். நீராடச் சென்ற இளவரசி தன் மோதிரங்களைப் பூனையின் வாலில் கோத்து வைத்தாளாம்; அவை நழுவி விழாதிருக்க வாலின் நுனியில் ஒரு முடிச்சும் போட்டாளாம். கதை இனியது. உயிர்நூலார் கூறும் காரணமோ வேறு. குட்டையும் கோணலுமான வாலையுடைய ஆசியப் பூனைகளின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றத்துக்கும் இவ்வாலுக்கும் தொடர்பு உண்டு என்று 2016இல் கண்டனர். ஐரோப்பாவில் மான் தீவின் வாலில்லாப் பூனைக்கு வேறொரு மரபணு காரணமாகும்.

அத்தகைய வால் தமிழகத்தில் அரிதாகவும் மலாய் நாட்டில் மலிந்தும் காணப்படுவது ஏன்? பூனை தானாகக் கடலைக் கடக்காது. கப்பலில் ஏறித்தான் வரவேண்டும். ஒரு துறைமுகத்தில் முதலில் இறங்கிய பூனைகள் ஒரு சிலவே. அச்சிலவற்றுள் ஒன்றுக்குக் கோணல் வால் இருப்பின், அதன் வழிவந்த நூறு பூனைகளுக்கு அந்த வால் அமைவதில் வியப்பில்லை. சிறு குடியேற்றத்தில் முன்னோர் சிலரின் சாயல் ஊர் முழுதும் பரவுவதைப் போன்றது இது. சுருங்கச் சொன்னால், கோணல் வால் ஒரு குடியேற்றச் சான்று. நம்மைப் போலவே பினாங்குப் பூனையும் கப்பலில் வந்து இறங்கிய ஒன்றுதான்.

வெருகும் பூசையும்

வீட்டுப் பூனையின் பிறப்பிடம் யாது? உலகெங்கும் உள்ள வீட்டுப் பூனைகள் மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் காட்டுப் பூனையின் வழிவந்தவை என்பதை 2007இல் வெளியான மரபணு ஆராய்ச்சி உறுதிப்படுத்தியது. சைப்பிரஸ் தீவில் மனிதன் ஒருவனுக்கு அருகே பூனை ஒன்று புதைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழமையுடைய குழியைப்பற்றி 2004இல் அறிவித்தனர். அத்தீவுக்குரிய பூனை இனம் இல்லை; ஆகவே அப்பூனையும் படகில் கொண்டுவரப்பட்டதே.

மனிதன் பூனையைப் பிடித்துக் கட்டிப் பழக்கவில்லை. அவன் உழுதான், விளைத்தான், தானியத்தைச் சேமித்தான். தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. நாயை மனிதன் வேட்டைக்கு அழைத்தான். மாட்டை ஏருக்குப் பிணித்தான். பூனையோ அழையாமலே வந்து, தனக்கு ஏற்ற இடம் இது என்று தானே முடிவு செய்து தங்கிவிட்ட விலங்கு. இன்றும் அதன் நடையில் அந்த உரிமை தெரிகிறது.

இந்த நிகழ்ச்சியைத் தமிழ் இலக்கியத்திலேயே கண்ணாரக் காணலாம். பழந்தமிழில் காட்டுப் பூனைக்கு வெருகு என்று பெயர். குறுந்தொகையின் 107ஆம் பாட்டில், விடியலை அறிவித்துக் காதலரைப் பிரித்த சேவலின்மீது தலைவி சினம் கொள்கிறாள். நள்ளிரவில் வீட்டு எலியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வெருகுக் குட்டிக்கு நீ இரையாகுக என்று சபிக்கிறாள். அதே நூலின் 139ஆம் பாட்டிலோ, மாலைப் பொழுதில் வேலியருகே வந்த வெருகுகளைக் கண்டு வீட்டுக் கோழி தன் குஞ்சுகளுக்காக அஞ்சிக் கூவுகிறது. புறநானூற்றில் முல்லை அரும்பு வெருகுக் குட்டியின் கூரிய பல்லுக்கு ஒப்பாகச் சொல்லப்படுகிறது.

இப்பாடல்களின் வெருகு ஆழ்காட்டு விலங்கு அன்று. அது வேலியோரத்தில் நிற்கிறது, வீட்டு எலியை நோக்குகிறது, கோழியையும் கவர்கிறது. காட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் உள்ள வரம்பின்மீது அது நிற்கிறது. பூனையினம் மனிதனை அணுகிய முதற்படி இதுவேயாகும்.

தொல்காப்பிய மரபியல், வெருகைப் பூசை என்றும் வழங்கலாம் என்கிறது. அங்கே பூசை காட்டு விலங்கின் பெயர். பின்னாளில் கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடலை முழுதும் நக்கிவிடப் புகுந்த பூசையாகத் தம்மைக் கூறிக்கொள்கிறார். பாலுக்கு நாவை நீட்டும் பூசை, அடுப்படியை அறிந்த வீட்டுப் பூனை அன்றோ! இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், 7ஆம் நூற்றாண்டின் பல்லவச் சிற்பி மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் கைகளை உயர்த்தித் தவம் புரியும் பூனையையும், அதனை நம்பிக் காலடியில் கூடிய எலிகளையும் செதுக்கிவிட்டான். வேலியோரத்தில் நின்ற விலங்கு, ஊரார் கூடிச் சிரிக்கும் கதைமாந்தனாகவே ஆகிவிட்டது. பெயரும் விலங்கும் ஒருங்கே காட்டைக் கடந்து வீட்டுக்குள் புகுந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மற்றொன்றும் கருதத்தக்கது. மரபியலின்படி வெருகின் இளமைப் பெயர் குட்டி. எலி, அணில், மூங்கா ஆகியவற்றோடு அது வைத்து எண்ணப்படுகிறது. புலியின் இளமைப் பெயரோ குருளை. நாய், பன்றி, முயல் ஆகியவற்றோடு அது சேர்க்கப்பட்டுள்ளது. இன்றைய விலங்கு நூலார் ஏறத்தாழ 40 இனங்களை ஒரே குடும்பமாக்கி, அதற்குப் பூனைக் குடும்பம் என்று மிகச் சிறியதன் பெயரையே சூட்டினர். நம் பாட்டிமார்களும் இவ்வுறவை அறிந்தே இருந்தனர். புலிக்கு வித்தை கற்பித்த பூனை, மரம் ஏறுவதை மட்டும் சொல்லித் தராமல் ஒளித்துக்கொண்ட கதையைக் கேளாத தமிழ்ப் பிள்ளை உண்டோ?

பினாங்கு மலையின் வெருகு

பினாங்கு மலையில் வாழும் சிறுத்தைப் பூனை, வீட்டுப் பூனையின் அளவினது, உடலெங்கும் கரும்புள்ளியுடையது, மலாய்க்காரர் அதனைக் கூச்சிங் பத்து என்பர். இதன் வரலாறு மிக விந்தையானது. சீனத்தின் பழைய உழவர் ஊர்களில் கிடைத்த பூனை எலும்புகளை வீட்டுப் பூனையுடையவை என்றே முதலில் எண்ணினர். பின்னர் ஆராய்ந்தபோது அவை சிறுத்தைப் பூனையின் எலும்புகள் எனத் தெரிந்தது. ஏறத்தாழ 5,400 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அது சீன உழவரின் களஞ்சியங்களை அடுத்து வாழ்ந்தது. ஆயினும் வீட்டு விலங்காக மாறவில்லை. மீண்டும் காட்டுக்கே சென்றுவிட்டது. மேற்காசியப் பூனை வணிக வழியே சீனத்தை அடைந்தது ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டில்தான் என்று 2025இல் வெளியான மரபணு ஆராய்ச்சி கூறுகிறது.

மனிதனுடன் வாழ்ந்து பார்த்து, வேண்டாம் என்று திரும்பிய பூனை ஒன்றும், வாழ்ந்து பார்த்துத் தங்கிவிட்ட பூனை ஒன்றும் ஆக இரண்டும் இன்று இச்சிறு தீவிலேயே உள்ளன. ஒன்று மலையில், மற்றொன்று சூலியாத் தெருவில்.

கடாரத்துக்கு வந்த புலி

இனிப் புலிக்கு வருவோம். தெளிந்த நாளில் பினாங்கின் வடகரையிலிருந்து நோக்கினால் கெடாவின் ஜெராய் மலை தோன்றும். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு உள்ளது. தமிழ்க் கல்வெட்டுகள் கூறும் கடாரம் இப்பகுதியே. பட்டினப்பாலையில் வரும் காழகத்துக்கும் நச்சினார்க்கினியர் கடாரம் என்றே உரை கண்டார். முதலாம் இராசேந்திர சோழன் 1025ஐ ஒட்டி அனுப்பிய கடற்படை கடாரத்தை வென்ற செய்தியைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்லும். சோழரின் கொடி புலிக்கொடி. அவர்தம் முத்திரைகளில் புலியோடு பாண்டியரின் மீனும் சேரரின் வில்லும் பொறிக்கப்பட்டன.

ஆகவே தமிழரின் புலிச்சின்னம் இக்கரைக்கு வந்து ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டது. அன்று இங்கு வாழ்ந்த மக்களுக்குப் புலி கொடியில் காணும் ஓவியம் அன்று; கொல்லைக்குப் பின்னால் உறுமும் உயிர். காட்டுக்குள் அதன் பெயரைச் சொல்ல மலாய்க்காரர் அஞ்சினர். பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்பது நம்பிக்கை. ஆதலின் 'டத்தோ' என்றும், வரியுடையவர் என்னும் பொருளில் 'பாக் பெலாங்' என்றும் பெரியவரைக் குறிப்பதுபோல மரியாதையாகக் குறித்தனர்.

கெடா சுல்தானிடமிருந்து பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்குத் தீவைக் கைக்கொண்டார். 1800இல் எதிர்க்கரையும் ஆங்கிலேயர் வசமாகி வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர் பெற்றது. இன்று நாம் செபராங் பிறை என்று வழங்குவது அதுவே. பினாங்கில் பணியாற்றிய டேனிய மருத்துவர் தியோடோர் கேன்டர் 1846இல் மலாய்த் தீபகற்பத்துப் பாலூட்டிகளின் பட்டியலை வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். இந்நாட்டுப் பூனையினங்களை முறையாகத் தொகுத்த தொடக்ககால முயற்சிகளுள் அது ஒன்று. தீபகற்பத்தில் காட்டுப் பூனையினம் ஏழு என்பது இன்று தெளிந்த முடிவு: புலி, சிறுத்தை, படைச்சிறுத்தை, பொன்னிறப் பூனை, பளிங்குப் பூனை, தட்டைத்தலைப் பூனை, சிறுத்தைப் பூனை. இந்நாட்டுச் சிறுத்தைகள் ஏறத்தாழ அனைத்தும் கருஞ்சிறுத்தைகளே என்பதும், தட்டைத்தலைப் பூனை நீரோரத்தில் மீனும் தவளையும் பிடித்து உண்பது என்பதும் நம் பிள்ளைகள் அறியவேண்டிய செய்திகள்.

கைதியும் கூலியும் புலியும்

புலியும் மனிதனும் நேருக்கு நேர் மோதிய காலம் 19ஆம் நூற்றாண்டு. சிங்கப்பூரில் மிளகுக்கும் கம்பீருக்கும் காடு அழிக்கப்பட்டபோது, ஜொகூர் நீரிணையை நீந்திக் கடந்துவந்த புலிகள் தோட்டத்துச் சீனத் தொழிலாளரைக் கொன்றன. நாளுக்கு ஒருவர் என்ற கணக்கில் உயிர் போவதாக அந்நாளையோர் பேசிக்கொண்டதை ஆல்பிரட் ரசல் வாலஸ் 1869இல் வெளியிட்ட தம் நூலில் குறித்தார். அக்கணக்கு மிகையாகவும் இருக்கலாம், அச்சம் மிகையன்று.

புலி வேட்டைக்கு அனுப்பப்பட்டவர்களுள் இந்தியக் கைதிகளும் இருந்தனர். ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து குற்றவாளிகளை நாடுகடத்திப் பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் சாலை போடவும் கட்டடம் எழுப்பவும் அமர்த்தியதை நாம் அறிவோம். அக்கைதிகளை மேற்பார்த்த மேக்நேர் 1899இல் எழுதிய நூல், கைதிகளைக் குழுக்களாகப் பிரித்துச் சிங்கப்பூர்க் காட்டில் புலி வேட்டைக்கு அனுப்பியதைக் கூறுகிறது. நாட்டைவிட்டு விலக்கப்பட்டவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, பிறர் உயிரைக் காக்கப் புலியின் எதிரே அனுப்பினார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி.

வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் சஞ்சிக் கூலிகளாக வந்தனர். பின்னர் ரப்பர் வந்தது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 நாற்றுகள். 1920களில் மலாயாவில் ரப்பர் நின்ற நிலம் 20 லட்சம் ஏக்கருக்கு மேல். அவ்வளவும் அதற்குமுன் காடு. அக்காட்டை வெட்டித் தீயிட்டு, மலையைச் சீர்ப்படுத்தி, மரம் நட்டுப் பால் இறக்கிய கைகளுள் தமிழர் கைகள் மிகப் பல.

பால்மரம் சீவுபவர் விடியுமுன் எழவேண்டும். பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிட்டபின், விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு இருளில் நிரைநிரையாகச் செல்லவேண்டும். வெயில் ஏறுமுன் சீவினால்தான் மங்கில் பால் நிறையும். புலி இரை தேடும் பொழுதும் அதுவே. குனிந்து மரம் சீவும் மனிதன் பின்புறத்திலிருந்து பார்க்கும் விலங்குக்கு மனிதனாகத் தோன்றுவதில்லை. அக்காலத்தில் லயத்துத் தாய்மார் பொழுது விடியும்வரை அடிவயிற்றில் நெருப்போடு இருந்தனர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இதனை ஏன் சொல்கிறோம்? இந்நாட்டுப் புலியின் வரலாற்றில் தமிழ்த் தொழிலாளி வேட்டைக்காரனும் அல்லன்; வெறும் பார்வையாளனும் அல்லன். காட்டை அழிக்கும் ஆணையை அவன் இடவில்லை. அதனால் வந்த செல்வமும் அவனைச் சேரவில்லை. ஆயினும் கோடரி அவன் கையில் இருந்தது. புலியின் பல் அவன் கழுத்துக்கு எதிரே இருந்தது. ஒரே வாணிகத்தால் இருப்பிடத்தை இழந்தது புலி. ஊரை இழந்தது அவன் குடும்பம்.

எண்ணிக்கை சொல்லும் உண்மை

திரெங்கானுவில் பணியாற்றி மனிதரைக் கொன்ற புலிகளை வேட்டையாடிய ஆர்தர் லாக், 1954இல் 'திரெங்கானுவின் புலிகள்' என்ற நூலை வெளியிட்டார். அக்காலத்தில் மலாயாவில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்தன என்பது மதிப்பீடு. நாடு விடுதலை பெற்றபின் அரசுச் சின்னத்தின் இரு புறத்திலும் புலியே தாங்கி நிற்கிறது. 1976இல் புலிக்கு முழுப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. 2004இல் மலாயாப் புலி தனி உள்ளினம் என்று ஆராய்ச்சியாளர் பெயரிட்டனர். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பின் முடிவோ, காட்டில் எஞ்சியவை 150க்கும் குறைவு என்பது.

காரணங்கள் தெளிவானவை. காடு துண்டுபட்டது. கள்ள வேட்டைக்காரர் கம்பிக் கண்ணிகளை ஆயிரக்கணக்கில் வைத்தனர். புலியின் இரையாகிய கடமான் அருகியது. நோயும் சேர்ந்தது: 2019இல் திரெங்கானுவில் ஊருக்குள் வந்து பிடிபட்ட புலி ஒன்று, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோயால் இறந்தது. வீட்டு விலங்கின் நோய் காட்டு வேந்தனை வீழ்த்துமளவுக்குக் காடும் ஊரும் நெருங்கிவிட்டன.

அதே காலத்தில் வீட்டுப் பூனை எந்நிலையில் உள்ளது? அதன் இனத்துக்குக் குறைவில்லை. 2013இல் ஜார்ஜ் டவுன் விழாவை ஒட்டி, தெருவில் திரியும் விலங்குகளிடம் பரிவு காட்டும்படி ஓவியர் சிலர் நகரச் சுவர்களில் பூனைகளைத் தீட்டினர். அவற்றைக் காணப் பயணிகள் கூடுகின்றனர். கேட்பாரற்ற பூனைகள் மிகுந்தமையால் எழுந்த கவலை அது. புலியைப்பற்றிய கவலையோ அது மிகக் குறைந்தமையால் எழுந்தது. ஒரே குடும்பத்தில் ஒன்றன் துன்பம் மிகுதி. மற்றொன்றன் துன்பம் இன்மை. இரண்டுக்கும் காரணம் மனிதனே.

வேலியில் மீண்டும் வெருகு

இவ்வரலாறு முற்றும் துயரமானதன்று. ரப்பர் நின்ற நிலங்களில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனைப் பழத்துக்கு எலி வருகிறது. அந்த எலியை நாடிச் சிறுத்தைப் பூனை இரவில் தோட்டத்துக்குள் வருகிறது. நஞ்சு வைத்து எலியைக் கொல்வதைவிட, இப்பூனைக்கும் ஆந்தைக்கும் இடம் விடுவது நன்று என்பதைத் தோட்டத்தார் பலர் உணர்ந்துள்ளனர். வீட்டு எலிக்காக நள்ளிரவில் காத்திருந்த குறுந்தொகை வெருகு, ஈராயிரம் ஆண்டுக்குப்பின் செபராங் பிறையில் வேலியோரத்தில் வந்து நிற்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. அதற்கு ஒரு கண்ணியும் வைக்காமல் இருப்பது, நாம் செய்யக்கூடிய மிக எளிய அறம்.

புலிக்கு அவ்வளவு எளிய வழி இல்லை. அதற்குப் பரந்த காடு வேண்டும். காட்டில் மான் வேண்டும். கண்ணியை அகற்றும் காவலர் வேண்டும். தாமான் நெகாரா, பெலூம் தெமெங்கோர், எண்டாவ் ரொம்பின் ஆகிய காடுகளே அதன் எஞ்சிய அரண்கள். அவற்றைக் காப்பது அரசின் கடமை. அதனை வற்புறுத்துவது குடிமக்களின் கடமை.

நம் மொழிக்கும் ஒரு கடமை உண்டு. வெருகு, பூசை, வேங்கை, குருளை என்று வேறுபாடு அறிந்து பெயரிட்ட மொழி, இன்று எல்லாவற்றையும் பூனை, புலி என்னும் இரண்டு சொல்லுக்குள் அடக்கிவிட்டது. பெயரை மறந்தவன் பொருளை இழப்பதற்கு வருந்துவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் சூலியாத் தெருப் பூனையின் கோணல் வாலைச் சுட்டி அதன் வரலாற்றைச் சொல்லவும், பினாங்கு மலையின் சிறுத்தைப் பூனையை வெருகின் உறவு என்று அடையாளம் காணவும் கற்பார்களானால், 150க்கும் குறைந்துவிட்ட அந்தப் பெரியவரைப்பற்றியும் கவலைகொள்ளக் கற்பார்கள். சோழன் கொடியில் ஏற்றி வந்த புலி இந்நாட்டு அரசுச் சின்னத்திலும் நிற்கிறது. கொடியிலும் சின்னத்திலும் மட்டுமே அது நிற்கும் நாள் வாராதிருக்கட்டும்.